பழைய கார்களின் விழா நாள்: காண்போர் அறியாத பணிகள்

கொல்கத்தாவில் குளிர்காலம் குறுகியது. டிசம்பரில் வந்து பிப்ரவரியில் விடைபெற்றுவிடும் அச்சில வாரங்களுக்குள்தான் நகரின் புத்தகச் சந்தையும் இசை மாநாடுகளும் மலர்க் கண்காட்சிகளும் நடந்தேறியாக வேண்டும். பழைய கார்களைப் பேணி வருவோரும் இப்பருவத்திற்காகவே ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1960களில் தில்லியிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய பழைய கார்ப் பேரணி இந்நாட்டில் இத்தகைய விழாக்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. இன்று பல நகரங்களில் சிறிய கழகங்களும் தத்தம் அளவில் ஆண்டுக்கொரு நாள் விழா எடுக்கின்றன.

அத்தகைய சிறு கழகம் ஒன்றின் கணக்கு எங்கள் கிளையில் உள்ளது. நுழைவுக் கட்டணத்தை எண்ணிச் சரிபார்க்க இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர இயலுமா என்று அதன் செயலாளர் சில ஆண்டுகளுக்கு முன் கேட்டார். இருவராகச் சென்ற நாங்கள் இன்று எழுவராகிவிட்டோம். பணம் எண்ணுவதோடு நின்ற எங்கள் வேலை வாகனப் பட்டியல், ஆவண மேசை, மதிப்பெண் கூட்டல் என விரிந்துவிட்டது. எங்களுள் எவரிடமும் பழைய கார் இல்லை. ஆயினும் ஒரு விழா நாளை நடத்துவதற்கு என்னென்ன தேவை என்பதை அருகிலிருந்து கற்றோம். எழுபது வயதுக் காரை ஓடும் நிலையில் வைத்திருப்பது இயந்திரம் மட்டுமன்று, அதன் ஆவணங்களும்தான் என்பது அக்கல்வியின் சாரம். அதனை நாங்கள் கற்றுக்கொண்டதோ எங்கள் தவற்றின் வழியாக. அதனையும் மறைக்காமல் இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

எது பழைய கார்?

பொதுவழக்கில் பழைய கார்கள் எல்லாவற்றையும் 'விண்டேஜ்' என்று கூறிவிடுகிறோம். கழகங்களின் வழக்கு வேறு. 1966-இல் நிறுவப்பட்ட ஃபிவா என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு, குறைந்தது 30 ஆண்டுகள் பழமையானதும், வரலாற்றுக்கு ஏற்ற நிலையில் பேணப்படுவதும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான ஊர்தியையே வரலாற்று ஊர்தி என வரையறுக்கிறது. அதன் வகைப்பாட்டில் 1919 முதல் 1930 வரை உருவானவை மட்டுமே விண்டேஜ். அதற்கு முந்தையவை 'வெட்டரன்', 'ஆன்செஸ்டர்' என்று வேறு பெயர் பெறும். பிந்தையவையும் காலத்துக்கேற்ப மேலும் பிரிக்கப்படும்.

நம் நாட்டுச் சட்டம் மற்றொரு கோட்டை வரைந்துள்ளது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு பெறலாம். அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாமல் அவை மூல வடிவிலேயே இருத்தல் வேண்டும்.

எங்கள் கழகத்தின் விழாவுக்கு வருபவற்றுள் அரண்மனைக் கார்கள் மிகக் குறைவு. நடுத்தரக் குடும்பங்களின் கார்களே மிகுதி. 747 கன சென்டிமீட்டர் என்ஜினைக் கொண்ட ஆஸ்டின் செவன், மும்பை குர்லாவில் உருவான ஃபியட் 1100, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த லேண்ட்மாஸ்டர், அதன் வழித்தோன்றலாக வந்து 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடர் ஆகியவை வரிசையாக நிற்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றும் ஆண்டுதோறும் வருகிறது. தமிழகத்திலிருந்து மாற்றலாகிச் சென்ற எங்களுக்கு அந்த ஹெரால்டின் முன் நிற்கும்போது ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த உணர்வு உண்டாகும்.

ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கும் வேலை

விழா ஒரு நாள்தான். ஆனால் அதன் வேலை மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. திடலுக்கான முன்பதிவு முதற்படி. அடுத்துக் காவல் துறையின் இசைவு, தீயணைப்புத் துறைக்கான அறிவிப்பு, ஊர்வலம் செல்லும் தெருக்களின் வரைபடம், மருத்துவ உதவிக்கான ஏற்பாடு என ஒன்றன்பின் ஒன்றாக விண்ணப்பங்கள் செல்கின்றன. இவற்றுள் ஒன்று தாமதமானாலும் மற்றவை நின்றுவிடும். எனவே எந்த விண்ணப்பம் எந்நாளில் யாரிடம் சென்றது, என்று விடை வர வேண்டும் என்பதை ஒரே ஏட்டில் எழுதி வைப்பதை வழக்கமாக்கினோம்.

பணப் பொறுப்பும் அப்போதே வரையறுக்கப்படுகிறது. கழகத்தின் கணக்கைச் செயலாளரும் பொருளாளரும் இணைந்தே இயக்குகிறார்கள். காசோலையில் இருவர் கையொப்பமும் வேண்டும். ஆதரவாளர்கள் தரும் நன்கொடை எவருடைய தனிப்பட்ட கணக்கிலும் செலுத்தப்படுவதில்லை. நுழைவாயிலில் வைக்கப்படும் கியூஆர் குறியீடும் கழகத்தின் கணக்குக்குரியதே. தொடக்கத்தில் பொருளாளர் தம் கைப்பேசி எண்ணுக்கே பணத்தை வாங்கி மறுநாள் மாற்றிவிடுவதாகக் கூறினார். அவருடைய நேர்மையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நேர்மையானவர் மீது பின்னாளில் ஐயம் எழாதிருக்கவே இத்தகைய ஒழுங்குகள் ஏற்பட்டுள்ளன என்று எடுத்துரைத்தோம். அவரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

விழாவுக்கெனப் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீடும் எடுக்கப்படுகிறது. கூடாரம் சரிந்தாலோ, மின்கம்பியில் கால் இடறி ஒருவர் விழுந்தாலோ கழகத்தின் மீது வரக்கூடிய இழப்பீட்டுக் கோரிக்கையை எதிர்கொள்ள இது உதவும். கார்கள் சாலையில் ஓடும்போது விளைவிக்கும் தீங்குக்கு இது ஈடாகாது. அதற்கு ஒவ்வொரு காருக்கும் தனித்தனியே மூன்றாம் நபர் காப்பீடு இருத்தல் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவு இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. காரின் வயது எதுவாயினும் இதில் விலக்கில்லை.

திடலை அளத்தல்

விழாவுக்கு முந்திய நாள் திடலில் சுண்ணாம்புக் கோடுகள் இடப்படும். காட்சிக்கு நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே கதவை முழுமையாகத் திறக்கவும் ஓர் ஆள் தீயணைப்பானோடு நுழையவும் இடம் விட வேண்டும். கனமான கார்களை உறுதியான தரையில் நிறுத்த வேண்டும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் செல்வதற்கான பாதையில் எதையும் வைக்கக் கூடாது. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் அப்பாதையிலேயே அடுப்பை வைக்க முயல்வார். ஆண்டுதோறும் அவரிடம் பணிவாகப் பேசி இடம் மாற்றுவதும் எங்கள் பணிகளுள் ஒன்று.

ஒவ்வொரு காரின் அடியிலும் ஒரு தகரத் தட்டு வைக்கப்படுகிறது. பழைய என்ஜின்களில் எண்ணெய் கசிவது இயல்பு. புல்தரையில் படிந்த எண்ணெயை அகற்றுவது கடினம். திடலைக் கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டும் கொடுக்க வேண்டுமானால் தரையைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்.

பெட்ரோல் கசிவு இதனினும் கடுமையாகக் கவனிக்கப்படுகிறது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால், அதற்கென உருவாக்கப்படாத பழைய இரப்பர்க் குழாய்களை நாளடைவில் கெடுத்துவிடக் கூடியது. எனவே காட்சிக்கு நிறுத்தியதும் மெக்கானிக் ஒருவர் ஒவ்வொரு காரின் எரிபொருள் குழாயையும் பார்வையிடுகிறார். பேட்டரி இணைப்பு கழற்றப்படுகிறது. பெட்ரோல் நீரினும் இலேசானது. எரியும் பெட்ரோல் மீது நீரைக் கொட்டினால் தீ அந்நீரின் மேலேயே மிதந்து பரவும். ஆகவே நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பான்களே வைக்கப்படுகின்றன. அவற்றை இயக்கும் முறையைத் தன்னார்வலர் அனைவரும் முதல் நாளே கைப்பட இயக்கிப் பழக வேண்டும் என்பது கழகத்தின் விதி.

பேட்டரியைத் தொடுவதற்கும் ஒரு நெறி உண்டு. பழைய கார்கள் பலவற்றில் ஆறு வோல்ட் பேட்டரியே இருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய முறையை மனத்தில் கொண்டு, உதவும் நோக்கத்தோடு வேறொரு பேட்டரியை இணைப்பவர் பெருஞ்சேதத்தை விளைவித்துவிடலாம். உரிமையாளர் அல்லது அவருடைய மெக்கானிக் தவிர வேறெவரும் பேட்டரியைத் தொடலாகாது என்று அறிவிப்புப் பலகையே வைத்துள்ளோம்.

காலை வரிசை

எங்கள் முதற்பிழை நுழைவாயிலில் நேர்ந்தது. முதன்முறை ஆவண மேசைப் பொறுப்பை ஏற்றபோது, கிளையில் பழகிய வழக்கப்படி வாயிலிலேயே மேசையைப் போட்டு, ஒவ்வொரு காரையும் நிறுத்தி, தாள்களைப் பார்த்து, ஏட்டில் எழுதி, வில்லை கொடுத்து உள்ளே அனுப்பினோம். ஒரு காருக்கு நான்கு நிமிடம். எட்டாவது கார் வந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. அதில் நின்றிருந்த ஆஸ்டின் செவன் ஒன்றின் ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறத் தொடங்கியது.

காரணத்தை அதன் உரிமையாளர் பின்னர் விளக்கினார். அந்தக் காரில் நீரைச் சுழற்றும் பம்பு இல்லை. சூடான நீர் தானாக மேலெழும்பும், ரேடியேட்டரில் குளிர்ந்து கீழிறங்கும். அவ்வியற்கைச் சுழற்சியே என்ஜினைக் குளிர்விக்கிறது. கார் ஓடும்போது ரேடியேட்டரின் மீது படும் காற்று அதற்குத் துணைசெய்கிறது. ஓடாமல் என்ஜின் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தால் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். என்ஜினை அணைத்துவிடலாமே என்றால், கைப்பிடியைச் சுழற்றி மீண்டும் கிளப்ப வேண்டும். வரிசை நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு முதியவர் இறங்கி அதனைச் செய்வது எளிதன்று.

மறு ஆண்டு முறையை மாற்றினோம். ஆவணங்களின் நகல்களை முன்னதாகவே பெற்றுச் சரிபார்த்து, வில்லையை அஞ்சலில் அனுப்பிவிட்டோம். வாயிலில் வில்லையைக் காட்டினாற் போதும், கார் நில்லாமல் உள்ளே சென்றுவிடலாம். பம்பில்லாத கார்களுக்குத் தனி நேரமும் ஒதுக்கினோம். வரிசை மறைந்தது. எல்லாரும் எங்களைப் பாராட்டினார்கள். அப்பாராட்டில் சற்றுக் கண்ணயர்ந்தோம் என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டும்.

மதிப்பெண் மேசை

முற்பகலில் நடுவர்கள் கார்களைச் சுற்றி வருவார்கள். பளபளப்புக்கே பரிசு என்று பார்வையாளர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முதன்மையாக மதிக்கப்படுவது மூலத்தன்மை. அக்காலத்து விளக்குகளா, அதே வகை இருக்கைத் துணியா, அந்த ஆண்டுக்குரிய கார்பரேட்டரா என்று ஆராய்வார்கள். தேய்ந்த மூலப் பாகம் ஒன்று, பளபளக்கும் புதிய பாகத்தினும் மிகுந்த மதிப்பெண் பெறுவதுண்டு. பழைய விற்பனை ரசீது, சேவைக் குறிப்பேடு, முதல் உரிமையாளரின் படம் ஆகியவற்றைக் காட்டுவோருக்கு நடுவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்குவதையும் கண்டிருக்கிறோம். காரின் வரலாறு அதன் தகட்டில் மட்டுமன்று, தாளிலும் இருக்கிறது.

நடுவர் எவரும் தம் உறவினர், நண்பர் ஆகியோரின் காருக்கு மதிப்பெண் இடுவதில்லை. மதிப்பெண் தாள்களை எங்களுள் ஒருவர் கூட்டுவார். அவர் விடையைப் பாராமலே மற்றொருவர் தனியே கூட்டுவார். இரண்டும் ஒத்தால்தான் முடிவு மேடைக்குச் செல்லும். வங்கியில் ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் அளிப்பவர் மற்றொருவர் என்றிருக்கும் முறைதான் இது. ஒருமுறை இரண்டாம் பரிசு முதற்பரிசாக மாறவிருந்ததை இம்முறையே தடுத்தது.

லேண்ட்மாஸ்டர்

ஓராண்டு பிற்பகலில், ஊர்வலம் புறப்பட அரைமணி நேரம் இருந்தது. ஓட்டுநர்களின் பெயர்களை ஒருமுறை படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு லேண்ட்மாஸ்டர் காரின் முறை வந்தது. பட்டியலில் உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருந்த பெரியவரின் பெயரை அழைத்தோம். விடையாக எழுந்து வந்தவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். அருகே கல்லூரி முடித்த பேத்தி, கையில் சாவியுடன்.

"அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது" என்றார் அம்மையார்.

வங்காளத்தில் மூத்த பெண்மணிகளை மாசிமா என்று அழைப்பது வழக்கம். தாயின் சகோதரி என்று பொருள். "மாசிமா, காரின் பதிவு உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா?" என்று கேட்டோம். மாறவில்லை. காப்பீடு? மறைந்த கணவர் பெயரில் எடுத்தது. அதன் காலமும் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அன்று காலை அந்தக் கார் காப்பீடின்றியே நகரின் தெருக்களைக் கடந்து வந்திருக்கிறது.

அவ்வாறாயின் நாங்கள் சரிபார்த்து அனுப்பிய வில்லை? அதுதான் எங்கள் தவறு. அந்த ஆண்டு விண்ணப்பங்கள் மிகுதியாக வந்தமையால், முந்திய ஆண்டுகளில் தவறாமல் வந்தவர்களின் விவரங்களைப் பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிட்டோம். சென்ற ஆண்டு சரியாக இருந்தது என்பதே எங்களுக்குச் சான்றாகத் தோன்றியது. கிளையில் ஒருபோதும் செய்யத் துணியாததைத் திடலில் செய்திருந்தோம்.

ஊர்வலத்தில் லேண்ட்மாஸ்டர் செல்ல இயலாது என்று அவரிடம் கூற வேண்டியதாயிற்று. "என் கணவர் ஐம்பது ஆண்டுகள் ஓட்டிய கார். ஒரு பூனைமீதுகூட மோதியதில்லை. அதை இன்று ஓட்டக் கூடாது என்கிறாயா, பாபா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. அதுவே எங்களை மிகவும் வருத்தியது. தெருவின் இருமருங்கிலும் குழந்தைகளோடு மக்கள் நின்றிருப்பார்கள். எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால், இழப்பீடு முழுவதும் அவர் மீதும் அவர் குடும்பத்தின் மீதும் விழும். ஓட்டிய பேத்தி சட்டத்தின் முன் நிற்க வேண்டிவரும். இதனை எடுத்துரைத்து, தவறு எங்களுடையது என்பதையும் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் பேத்தியைப் பார்த்தார். பிறகு சாவியை வாங்கித் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கார் திடலில் காட்சிக்கு நின்றது. ஊர்வலம் அதனைக் கடந்து சென்றது. மாலையில் கழகத்தின் செலவில் ஒரு சரக்கு வண்டியை வரவழைத்து, லேண்ட்மாஸ்டரை அதன்மேல் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம்.

உரிமையாளர் மறைந்தால் செய்ய வேண்டியவை

இந்நிகழ்ச்சி பழைய கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருந்தாலும் இதே நிலை நேரலாம். ஆகவே சட்டம் கூறுவதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

வாகனத்தின் பதிவுபெற்ற உரிமையாளர் இறந்துவிட்டால், அவ்வாகனத்தை உடைமையாகப் பெறுபவர் 30 நாள்களுக்குள் இறப்பையும், வாகனத்தைத் தாம் பயன்படுத்தும் எண்ணத்தையும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவித்தவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் வரை அதனைப் பயன்படுத்தலாம். அம்மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றோடு வாரிசுரிமையைக் காட்டும் ஆவணமும், பிற வாரிசுகளின் ஒப்புதலும் கேட்கப்படலாம்.

காப்பீட்டிலும் இதே கால அளவே வழக்கில் உள்ளது. தனிநபர் கார்க் காப்பீட்டு ஆவணம், காப்பீடு பெற்றவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் வரை அல்லது அதன் காலம் முடியும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். அதற்குள் வாரிசுகள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

துயரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு மூன்று மாதங்கள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் காலம். இதனை எளிதாக்கும் ஒரு வழி 2021 முதல் நம் கையில் இருக்கிறது. வங்கி வைப்புகளுக்கு நியமனதாரரைக் குறிப்பிடுவதைப் போலவே, வாகனத்தின் பதிவுச் சான்றிலும் உரிமையாளர் ஒருவரை நியமிக்கலாம். புதிதாகப் பதிவு செய்யும்போதும் செய்யலாம், பின்னரும் சேர்க்கலாம். நியமனதாரர் இருப்பின் உரிமை மாற்றத்தின் வேலை பெரிதும் குறையும்.

50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2021-இன் விண்டேஜ் விதிகள் தனிப் பதிவை வழங்குகின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. பத்தாண்டுகள் செல்லும் அப்பதிவைப் புதுப்பிக்க ரூ.5,000. ஏற்கெனவே பதிவு பெற்றவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிய எண் பெறுபவை மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகளைத் தாங்கும். ஒரு வரம்பு உண்டு. இவ்வாறு பதிவான காரை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம். ஆகவே வார இறுதியில் குடும்பத்தோடு சுற்றிவர விரும்புவோர், விண்ணப்பிக்கும் முன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

காப்பீட்டுத் தொகையும் கவனத்துக்குரியது. வழக்கமான கார்களின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்மானத்தால் குறைக்கப்படும். ஐந்து ஆண்டுகளைக் கடந்தவற்றின் மதிப்பை உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி முடிவு செய்ய வேண்டும். பேணிக் காத்த பழைய காருக்கு இது சாதகமானது. தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை, படங்கள், செலவு ரசீதுகள் ஆகியவை இருந்தால் உரிய மதிப்பை நிறுவலாம். இல்லையேல் பழைய இரும்பின் விலையே எஞ்சும்.

மறு ஆண்டு

அந்த மாலையிலிருந்து பழைய பட்டியலைப் பார்த்து எழுதும் வழக்கத்தை விட்டொழித்தோம். எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து வந்தவராயினும், பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகிய மூன்றின் நகல்களையும் அந்தந்த ஆண்டே புதிதாகப் பெறுகிறோம். ஒருவர் படிப்பார், மற்றொருவர் நாள்களைச் சரிபார்ப்பார். விழா நாளில் செல்லுபடியாகாத தாள் இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுகிறோம். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்கிறோம்.

மாசிமாவின் வீட்டுக்கு எங்களுள் இருவர் மறுவாரமே சென்றோம். வேண்டிய ஆவணங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தோம். வெளியூரில் இருந்த மகனின் ஒப்புதல் கடிதம் வருவதற்கே இரண்டு மாதங்கள் ஆயின. மூன்று மாதக் கெடு கடந்துவிட்டமையால் தாமதத்துக்கான விளக்கத்தையும் எழுத வேண்டியிருந்தது. ஒருமுறை பெயரின் எழுத்துப் பிழையால் விண்ணப்பம் திரும்பி வந்தது. மழைக்காலம் முடிந்த பின்னரே வேலை நிறைவேறியது.

அடுத்த விழாவுக்கு முதல் ஆளாக வந்த விண்ணப்பம் அவருடையதே. விழா அன்று காலை, வில்லை இருந்தும், காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு துணிப்பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவர் பெயரில் பதிவுச் சான்று. அவர் பெயரில் காப்பீடு. நியமனதாரர் என்ற இடத்தில் பேத்தியின் பெயர். பேத்தியின் ஓட்டுநர் உரிமம்.

"பார், பாபா. நன்றாகப் பார். எல்லாம் இருக்கிறதா?"

இருந்தது. ஆயினும் வழக்கப்படி ஒருவர் படித்தோம், மற்றொருவர் நாள்களைச் சரிபார்த்தோம். அவர் பொறுமையாக நின்று, இறுதிவரை பார்த்துவிட்டே நகர்ந்தார். பிற்பகலில் பேத்தி ஓட்ட, மாசிமா பக்கத்தில் அமர்ந்திருக்க, லேண்ட்மாஸ்டர் ஊர்வலத்தில் சென்றது.

மாலையில் கார்கள் சென்ற பின் திடல் வெறுமையாகும். தகரத் தட்டுகளை அடுக்கி, பணத்தை இருவர் எண்ணி, கியூஆர் வரவைக் கணக்கோடு ஒப்பிட்டு, ரசீதுகளை உறையிலிட்டு மூடினோம். வாடிக்கையாளர்களாகிய உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீட்டு வாகனம் பழையதாயினும் புதியதாயினும், அதன் பதிவுச் சான்றை இவ்வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது, காப்பீடு எந்நாளில் முடிகிறது, நியமனதாரர் பெயர் உள்ளதா என்று நோக்குங்கள். பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடம் முன்பே செலவிடப்பட்டிருந்தால், ஒரு மூதாட்டி தம் கணவரின் காரைச் சரக்கு வண்டியின் மேல் ஏற்றி அனுப்ப நேர்ந்திராது.